டீசல் டோ டிரக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

டோ டிரக்கில் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் படும் பாடு வேறு எந்த வண்டியிலும் படாது. பின்னால் இரண்டு டன் தொங்க, மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். பள்ளத்தில் கிடக்கும் காரை நோக்கி அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இதற்கு மேல் டீசல் எஞ்சினின் குணம் ஒன்று இருக்கிறது. அது 1,600 ஆர்.பி.எம். வாக்கிலேயே தன் முழு டார்க்கையும் (சுழற்றும் விசை) கொடுத்துவிடும். ஆனால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் எஞ்சின் வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே கிளட்ச் பிளேட்டுகளின் மேல் பாரம் அதிகமாக விழும் நேரத்தில், அவற்றை அழுத்திப் பிடிக்கும் ஆயில் வரத்து குறைவாகவே இருக்கும். இந்த வண்டிகளில் வரும் பழுதுகளில் பல இந்த முரணிலிருந்துதான் கிளம்புகின்றன.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டாட்ஜ் ராம் வண்டிகளில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலோடு வந்த 47ஆர்.இ. (1996–2002), 48ஆர்.இ. (2003–2007) என்ற இரண்டு கியர்பாக்ஸ்கள். இவற்றுக்கு முந்தைய 47ஆர்.எச். பாக்ஸும் உள்ளே பெரும்பாலும் இதே அமைப்புதான். அதில் வண்டியின் வேகத்தைப் பாக்ஸுக்குத் தெரிவிக்கும் கவர்னர் மட்டும் மின்னணு இல்லாமல் முழுக்க ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். மூன்று கியர் கொண்ட பழைய கிரைஸ்லர் பாக்ஸின் பின்னால் நான்காவது கியருக்கான ஓவர்டிரைவ் யூனிட் ஒன்றைச் சேர்த்ததுதான் இந்த நான்கு கியர் அமைப்பு. கியர் விகிதம் 2.45, 1.45, 1.00, 0.69. ரிவர்ஸ் 2.21.

பாக்ஸை இறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த கியர் பிடிக்கிறது, எது வழுக்குகிறது, சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, லோடோடா லோடு இல்லாமலா. இறக்கிப் பிரித்த பிறகு கருகிய பிளேட்டைப் பார்க்கலாம், ஆனால் அது ஏன் கருகியது என்பதற்கான தடயம் ஓடுகிற வண்டியில்தான் இருக்கிறது. தடயத்தைத் தேடாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதிய பிளேட்டும் அதே காரணத்தால் கருகும்.

முதலில் எந்த கியரில் எது வேலை செய்கிறது

இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வருகிற எல்லாமே சுலபம். முன்னோக்கிப் போகும் எல்லா கியரிலும் பின் கிளட்ச் பிடித்திருக்கும். டிரைவில் ஒன்றாவது கியருக்கு அதோடு ஒருவழிக் கிளட்ச் ஒன்று சேரும். இரண்டாவதுக்கு முன் பேண்ட் (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) இறுகும். மூன்றாவதுக்கு முன் பேண்ட் விட்டு, முன் கிளட்ச் பிடிக்கும். நான்காவதுக்கு ஓவர்டிரைவ் கிளட்ச் கூடச் சேரும். ரிவர்ஸுக்கு முன் கிளட்சும் பின் பேண்டும். லீவரைக் கையால் 1-இல் போட்டால் பின் பேண்ட் கூடுதலாக இறுகி எஞ்சின் பிரேக்கிங் தரும்.

ஓவர்டிரைவ் யூனிட்டுக்குள் டைரக்ட் கிளட்ச் என்று இன்னொன்று உண்டு. ஏறக்குறைய 800 பவுண்டு விசையுள்ள பெரிய ஸ்பிரிங் ஒன்று அதை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நான்காவது கியர் விழும்போது மட்டும் அது விடுபடும். ரிவர்ஸுக்கும், மற்ற மூன்று கியரில் எஞ்சின் பிரேக்கிங்குக்கும் இது பிடித்தே ஆக வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் பார்த்து நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள்

ஆயில் அளவு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. கம்பெனி வால்வ் பாடியில் (ஆயிலை அந்தந்த உறுப்புக்குத் திருப்பிவிடும் பகுதி), லீவர் பார்க்கில் இருந்தால், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயில் போகாது. அந்த நிலையில் டிப்ஸ்டிக் காட்டும் அளவு தவறானது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு நியூட்ரலில் பாருங்கள். ஆயில் ஏடிஎஃப்+4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மட்டுமே. வேறு வகை ஊற்றினால் கன்வெர்ட்டர் லாக்கப்பில் (கன்வெர்ட்டர் வழுக்காமல் எஞ்சினோடு நேராகப் பூட்டிக்கொள்வது) உதறல் வர வாய்ப்பு உண்டு.

நிறமும் வாடையும். செம்பழுப்பாகி லேசாக வாடை அடித்தால் வயதான ஆயில். கருத்துப்போய் தீய்ந்த வாடை வந்தால் எங்கோ ஏதோ கருகியிருக்கிறது. அப்புறம் பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனைக் (தட்டு) கழற்றி அடியில் படிந்திருப்பதைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் மாவு மாதிரி வரும் சாம்பல் நிறப் பசை இயல்பானது. கறுப்புத் துகள்கள் நிறைய இருந்தால் பேண்டு அல்லது கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. பொன்னிறமாக மினுங்கினால் புஷ் தேய்ந்திருக்கிறது. காந்தம் இழுக்காத வெள்ளை உலோகச் சீவல் என்றால் அலுமினியம். காந்தத்தில் ஒட்டும் கூரான இரும்புத் துண்டு கிடைத்தால் மேற்கொண்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், பாக்ஸை இறக்கிவிடுங்கள்.

த்ராட்டில் வால்வ் கேபிள். ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டு லீவரை இழுக்கும் கேபிள் இது. ஆயில் அழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. தளர்ந்திருந்தால் அழுத்தம் குறையும், கியர் சீக்கிரமே மென்மையாக மாறும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாக இருக்கும், உள்ளே பிளேட் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தொடங்கும் அதே நொடியில் பாக்ஸின் லீவரும் நகரத் தொடங்க வேண்டும். பிந்தைய 48ஆர்.இ. வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாகச் சிறு மோட்டார் இருக்கிறது, அதை ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க முடியும்.

பிறகு அழுத்தக் கேஜ். 100 பி.எஸ்.ஐ. கேஜ் ஒன்று, 300 பி.எஸ்.ஐ. கேஜ் ஒன்று, இரண்டும் தேவை. முன்னோக்கிய கியர்களில் த்ராட்டில் லீவர் மூடிய நிலையில் 54 முதல் 60 பி.எஸ்.ஐ., முழுதாகத் திறந்தால் 90 முதல் 96 வரை வர வேண்டும். ரிவர்ஸில் த்ராட்டில் மூடியிருக்கும்போது 145 முதல் 175, திறந்தால் 230 முதல் 280. ரிவர்ஸை அளக்கும்போது சிறிய கேஜை மாட்டிவிடாதீர்கள், வெடித்துவிடும். இவை கம்பெனி வால்வ் பாடிக்கான அளவுகள். யாராவது ஏற்கெனவே ஷிப்ட் கிட் (வால்வ் பாடியை மாற்றியமைக்கும் உதிரிபாகங்கள்) போட்டிருந்தால் அந்தக் கிட்டோடு வந்த தாளில் உள்ள அளவைப் பாருங்கள்.

அறிகுறி: காலையில் முதல் தடவை கியர் விழ நேரமாகிறது

இரவெல்லாம் நின்ற வண்டி. டிரைவில் போட்டால் சில வினாடி ஒன்றும் நடக்காது, பிறகு பிடிக்கும். அதற்கப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் வடிந்து கீழே பேனுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து பார்க்கில் வைத்தே சூடேற்றினால் பலன் இல்லை. நியூட்ரலில் அரை நிமிடம் ஓடவிட்டால் கன்வெர்ட்டர் நிரம்பிவிடும்.

ஆயில் வடியாமல் இருக்கக் கூலர் லைனில் தடுப்பு வால்வ் ஒன்றைச் சில வருட வண்டிகளில் வைத்திருந்தார்கள். அந்த வால்வில் குப்பை அடைத்துக்கொண்டால் கூலருக்கே ஆயில் போகாமல் நின்றுவிடும். காலையில் சில வினாடித் தாமதத்தைத் தவிர்க்கப்போய் கியர்பாக்ஸையே வேகவைக்கும் காரியம் அது. லோடு இழுக்கும் வண்டியில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வால்வ் பாடியை மேம்படுத்தும்போது பார்க்கிலும் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சூடான பிறகும் தாமதம் தொடர்ந்தால் கதை வேறு. முன்னே போகத் தாமதம், ரிவர்ஸ் உடனே விழுகிறது என்றால் பின் கிளட்சின் சீல் கெட்டியாகியிருக்கலாம். இரண்டிலும் தாமதம் என்றால் ஃபில்டர் அடைப்பு, அல்லது பம்ப் தேய்மானம்.

அறிகுறி: முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை

ஆயில் அளவு சரியாக இருந்தால் கேஜை மாட்டுங்கள். அழுத்தமே இல்லையென்றால் பம்ப், அல்லது பம்பைச் சுற்றும் கன்வெர்ட்டர் கழுத்து. அழுத்தம் முழுதாக இருந்தும் வண்டி நகரவில்லை என்றால் இன்புட் ஷாஃப்ட் முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் பவரைக் கூட்டிவிட்டு, கன்வெர்ட்டரையும் வலுவானதாக மாற்றி, ஷாஃப்டை மட்டும் பழையதாகவே விட்ட வண்டிகளில் இது நடக்கும். மேட்டில் திடீரென்று ஒரு சத்தம், அதன் பிறகு நியூட்ரலில் ரேஸ் செய்த மாதிரி எஞ்சின் மட்டும் சுற்றும்.

அறிகுறி: ரிவர்ஸ் வழுக்குகிறது அல்லது இல்லவே இல்லை

டோ டிரக்கில் அடிக்கடி வரும் புகார் இதுதான், குழப்பம் அதிகம் வருவதும் இதில்தான். ரிவர்ஸுக்கு மூன்று உறுப்புகள் சேர்ந்து பிடிக்க வேண்டும்: முன் கிளட்ச், பின் பேண்ட், ஓவர்டிரைவுக்குள் இருக்கும் டைரக்ட் கிளட்ச். எது போயிருக்கிறது என்பதைப் பாக்ஸைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

முதலில் மூன்றாவது கியரைப் பாருங்கள். ஓவர்டிரைவை அணைத்துவிட்டு மேட்டில் லோடோடு போகும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில் எஞ்சின் சத்தம் துள்ளி எழுகிறதா? எழுந்தால் முன் கிளட்சைச் சந்தேகியுங்கள். மூன்றாவது நன்றாக இருந்தால் முன் கிளட்ச் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ரிவர்ஸில் அதன் மேல் விழும் பாரம் மூன்றாவதில் விழுவதைவிட அதிகம். பாதி தேய்ந்த கிளட்ச் மூன்றாவதில் சமாளித்துக்கொண்டு, ரிவர்ஸில் மட்டும் வழுக்கக்கூடும்.

அடுத்தது எஞ்சின் பிரேக்கிங். இறக்கத்தில் ஓவர்டிரைவை அணைத்து மூன்றாவதில் காலை எடுங்கள். வண்டியை எஞ்சின் பிடித்து இழுத்தால் டைரக்ட் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நியூட்ரலில் உருளும் மாதிரி போனால் அந்தக் கிளட்ச் போய்விட்டது. பழுது ஓவர்டிரைவ் யூனிட்டில் இருக்கிறது, முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். மூன்றாவதில் பிரேக்கிங் இருக்கிறது, ஆனால் லீவரை 1-இல் போட்டு மெதுவாக இறங்கும்போது மட்டும் பிடிப்பு இல்லை என்றால் பின் பேண்ட்தான்.

பின் பேண்ட் என்று தெரிந்தால் முதலில் சரிசெய்து பாருங்கள். பேனைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் ஸ்குருவை 72 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட சுற்று எண்ணிக்கை அளவு பின்னுக்குத் திருப்ப வேண்டும். சுற்று எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே உங்கள் வண்டியின் வருடத்துக்கான சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். பின்னுக்குத் திருப்பிய ஸ்குரு நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குவதில்தான் கவனம் தேவை. கால் சுற்று நகர்ந்தால்கூடச் செய்த வேலை வீண். சரிசெய்த பிறகும் ரிவர்ஸ் வரவில்லை என்றால் பேண்டின் பூச்சு தேய்ந்துவிட்டது, அல்லது பேண்டை இறுக்கும் சர்வோ பிஸ்டனின் சீல், லீவர், பேண்டைத் தாங்கும் பகுதி இவற்றில் ஒன்று உடைந்திருக்கிறது.

அறிகுறி: இரண்டாவது கியரில் மட்டும் பிடிப்பு இல்லை

ஒன்றாவது கியர் விழுகிறது, பிறகு எஞ்சின் கத்துகிறது, நேராக மூன்றாவதுக்குப் போகிறது. முன் பேண்டின் வேலை. நாளடைவில் மெதுவாக மோசமானால் தேய்மானம், முன்பு சொன்ன அதே 72 அங்குல-பவுண்டு முறையில் சரிசெய்து பார்க்கலாம். முன் பேண்டின் ஸ்குரு பாக்ஸின் வெளிப்பக்கம் இருப்பதால் பேனைக் கழற்றாமலே செய்துவிடலாம். ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்து, இன்று ஒரே அடியில் இரண்டாவது காணாமல் போனால் சரிசெய்து பயனில்லை. லீவருக்கும் பேண்டுக்கும் நடுவில் நிற்கும் சிறு உலோகத் துண்டு, ஸ்ட்ரட், உடைந்திருக்கும் அல்லது இடம் விட்டு விழுந்திருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டு வழியாகத்தான் இரண்டாவது கியரின் முழு பாரமும் போகிறது. திரும்பப் போடும்போது வார்ப்பு வகையை விட்டுவிட்டு, கட்டி உலோகத்திலிருந்து கடைந்தெடுத்த ஸ்ட்ரட்டைப் போடுங்கள்.

டிரைவில் ஒன்றாவது வழுக்குகிறது, லீவரை 1-இல் போட்டால் நன்றாக இழுக்கிறது என்றால் ஒருவழிக் கிளட்ச் போயிருக்கிறது. இதற்குப் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: மணிக்கு 70 கிலோமீட்டர் வாக்கில் லாக்கப் விழுவதும் விடுவதுமாக இருக்கிறது

டாகோமீட்டர் முள் ஏறி இறங்கும், வண்டி லேசாகக் குலுங்கும், காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் நிற்காது. பாக்ஸைப் பிரிக்கச் சொல்லிப் பலர் அனுப்புவது இந்த அறிகுறிக்குத்தான். பெரும்பாலான நேரம் பாக்ஸின் மேல் தவறே இல்லை.

1998-க்குப் பிந்தைய 24 வால்வ் எஞ்சின் வண்டிகளில் இது தெரிந்த விஷயம். ஆல்டர்னேட்டரின் டயோடு கெடத் தொடங்கினால், வெளிவரும் டி.சி. மின்சாரத்தோடு ஏ.சி. இரைச்சலும் கலந்து வரும். அது த்ராட்டில் சென்சார் கம்பியில் புகுந்து, கால் ஆடுகிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும். கம்ப்யூட்டரும் லாக்கப்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆல்டர்னேட்டரின் சிறிய ஃபீல்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். உதறல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. அப்போதும் நிற்கவில்லை என்றால் த்ராட்டில் சென்சார், எர்த் கம்பிகள், பிரேக் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். பிரேக் சுவிட்ச் சரியாக இல்லாவிட்டால், பெடலில் கால் படாமலே கால் பட்டதாக எண்ணிக் கம்ப்யூட்டர் லாக்கப்பை விட்டுவிடும்.

டோ டிரக்கில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். எச்சரிக்கை விளக்குகள், வின்ச், இழுக்கும் வண்டிக்கான விளக்குகள் என்று ஆல்டர்னேட்டருக்கு வேலை அதிகம். அவற்றுக்காகப் பின்னால் சேர்த்த எர்த் இணைப்புகள் துருப்பிடித்திருப்பதும் சாதாரணம்.

அறிகுறி: லாக்கப் விழுந்த பிறகு லோடில் வழுக்குகிறது, உதறுகிறது

உதறல் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை இடது காலால் லேசாகத் தொடுங்கள், விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். லாக்கப் விடுபட்டு உதறல் உடனே நின்றால் கன்வெர்ட்டர் கிளட்ச்தான். நிற்காவிட்டால் எஞ்சின் மிஸ்ஸிங், யூ-ஜாயின்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் போங்கள். ஸ்கேனரில் பி0740 என்ற கோளாறுக் குறியீடு வந்திருந்தால், லாக்கப் கட்டளை போயும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. சொலினாய்டு (மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் உறுப்பு) அல்லது வால்வ் கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் கருகிய வாடையும் கறுப்புத் துகளும் சேர்ந்தால் கன்வெர்ட்டர் தீர்ந்துவிட்டது. கம்பெனி கன்வெர்ட்டரில் லாக்கப்புக்கு ஒரே ஒரு பிளேட். கூடுதல் லோடுக்கும் கூட்டப்பட்ட எஞ்சின் பவருக்கும் அது போதாது.

அறிகுறி: நிற்கும் இடத்திலிருந்து மூன்றாவதில் கிளம்புகிறது, அல்லது கியர் ஏறவே மறுக்கிறது

வண்டி சோம்பலாகக் கிளம்பும், லீவரை 1-இல் போட்டால் துள்ளிக்கொண்டு போகும். கவர்னர் அழுத்த சொலினாய்டையும் அதன் சென்சாரையும் பாருங்கள். இரண்டும் வால்வ் பாடியின் மேல், பேனுக்குள் இருக்கின்றன. வண்டி நிற்கும்போது கவர்னர் அழுத்தம் கிட்டத்தட்டச் சுழியமாக இருக்க வேண்டும், வேகத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். நிற்கும்போதே அழுத்தம் இருந்தால் வண்டி ஓடுகிறது என்று நினைத்து வால்வ் பாடி மேல் கியரில் நிற்கும். ஏறவே இல்லையென்றால் ஒன்றாவதிலேயே கத்தும். சொலினாய்டையும் சென்சாரையும் சேர்த்து மாற்றுவது நல்லது, ஒன்று போனால் மற்றதும் அதே ஆயிலில் அதே வயதோடுதான் இருக்கும்.

அறிகுறி: சூடு

ஆயில் வெப்பநிலை 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பயமில்லை. 120-ஐத் தாண்டினால் ஆயிலும் சீல்களும் வேகமாகக் கெடும். பேனில் காட்டும் வெப்பம் கலந்து ஆறியது, கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் லைனில் அதைவிட அதிகமாக இருக்கும். கேஜ் மாட்டினால் அந்த லைனில் மாட்டுங்கள், அங்கே உண்மை உடனே தெரியும்.

லாக்கப் இல்லாமல் மேடு ஏறும்போதுதான் சூடு ஏறுகிறது. லோடோடு மேட்டில் ஓவர்டிரைவை அணைத்து, மூன்றாவதில் லாக்கப்போடு போக முடிந்த இடமெல்லாம் அப்படியே போங்கள். அடுத்து, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர்க் கூலர், முன்னால் இருக்கும் காற்றுக் கூலர் இரண்டையும் பாருங்கள். ஒருமுறை கிளட்ச் கருகிய பாக்ஸின் கூலரைக் கழுவி மறுபடி மாட்டுவதை நான் ஒப்பமாட்டேன். உள்ளே தங்கிய துகள் புதிய பாக்ஸுக்குள்தான் வந்து சேரும். புதியது போடுங்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கும் கருவி) மாட்டிய வண்டியில் இன்னொரு ஆபத்து உண்டு. காலை எடுத்ததும் த்ராட்டில் கேபிள் தளர்ந்து ஆயில் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். சரியாக அதே நேரத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கின் முழு விசையையும் கிளட்சுகள் தாங்க வேண்டியிருக்கும். கம்பெனி வால்வ் பாடியோடு இதைப் பயன்படுத்தினால் பிளேட் கருகுவது நிச்சயம். லாக்கப் விழவில்லையென்றால் கன்வெர்ட்டர் வழுக்குவதால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

பிரிப்பது என்று முடிவானால்

பிரிக்கும் முன் இன்புட் ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து எழுதி வையுங்கள். ஓவர்டிரைவ் யூனிட்டைக் கழற்றும்போது உள்ளே ஸ்பிளைன்கள் இடம் மாறாமல் இருக்க, போலி ஷாஃப்ட் ஒன்றைச் செருகியே வெளியே எடுங்கள். அதற்குள் இருக்கும் 800 பவுண்டு ஸ்பிரிங்கை ஹைட்ராலிக் பிரஸ் இல்லாமல் விடுவிக்க முயலாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்து வளையத்தைக் கழற்றினால் அது உயிரை எடுத்துவிடும்.

புதிய உராய்வுப் பிளேட்டுகளைச் சுத்தமான ஏடிஎஃப்+4-இல் அரை மணி நேரமாவது ஊறவையுங்கள். எஃகுப் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தால் மறுபடி போடாதீர்கள். ஒவ்வொரு கிளட்சையும் சேர்த்த பிறகு, வால்வ் பாடி மாட்டும் முன், 30 பி.எஸ்.ஐ. சுத்தமான காற்றை அதனதன் துளையில் கொடுங்கள். “டொக்” என்று பிஸ்டன் நகரும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்து காற்று சீறினால் சீல் மடிந்திருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மாட்டினால், சீல் மடிந்தது வண்டி சாலையில் போகும்போதுதான் தெரியும். அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

மேம்படுத்துவதில் வரிசை முக்கியம். முதலில் வால்வ் பாடியும் அழுத்தமும், த்ராட்டில் மூடியிருக்கும்போதும் பிளேட்டுகள் வழுக்காத அளவுக்கு. கண்மூடித்தனமாக அழுத்தத்தை ஏற்றினால் ஸ்ட்ரட்டும் லீவரும் உடையும். அடுத்து கன்வெர்ட்டர்: மூன்று பிளேட் லாக்கப், வளையாத தடித்த முன்மூடி, டீசலின் தாழ்ந்த டார்க் வேகத்துக்கு ஏற்ற குறைந்த ஸ்டால் (வண்டி நகராமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய வேகம்). இது உள்ளே வந்தால் இன்புட் ஷாஃப்டையும் கூடவே மாற்றியாக வேண்டும். வழுக்கிக்கொண்டிருந்த பழைய கன்வெர்ட்டர் அதுவரை ஷாஃப்டைக் காப்பாற்றி வந்தது. புதியது வழுக்காது, அடி முழுவதும் ஷாஃப்டில் விழும். இவ்வளவு டார்க்கில், எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் கம்பெனி ஃப்ளெக்ஸ் பிளேட்டும் விரிசல் விடும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலிங்கில் முன்பக்கம் “டக் டக்” என்று தாளம் கேட்டால் அது ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கிறது. முன் கிளட்ச் டிரம்மில் கூடுதல் பிளேட் சேர்ப்பது, உறுதியான ஸ்ட்ரட், லீவர், பேண்ட் தாங்கி போடுவது எல்லாம் இதே தடவையில் முடித்துவிடலாம். ஆழமான பேன் நல்லது, ஆனால் கூலருக்கு அது மாற்று ஆகாது.

கையால் லாக்கப் போடும் சுவிட்ச் வைப்பவர்கள் உண்டு. பயன் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. லாக்கப்போடு கியர் மாறினாலும், லாக்கப்பை விடாமல் வண்டியை நிறுத்தினாலும் அடி ஷாஃப்டுக்குத்தான். பிரேக் மிதித்தால் தானாக விடுபடும்படி இணைப்பு கொடுக்காமல் அந்தச் சுவிட்சை வைக்காதீர்கள். கியர்பாக்ஸை எவ்வளவு பலப்படுத்தினாலும் வண்டியின் பிரேக்கும் சேஸிஸும் தாங்கும் எடை கூடுவதில்லை. அந்த வரம்பு அப்படியே இருக்கும்.

மாட்டுவதும் முதல் ஓட்டமும்

கன்வெர்ட்டரைப் பாக்ஸுக்குள் முழுதாகப் பதியும்வரை சுற்றித் தள்ளுங்கள். பாக்ஸின் முகம் எஞ்சினோடு முழுதாக ஒட்டிய பிறகும், கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கித்தான் ஒட்டவைக்க முடிகிறது என்றால் நிறுத்துங்கள், பம்ப் உடையப் போகிறது. காலியான பாக்ஸும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 14 முதல் 16 லிட்டர் ஆயில் குடிக்கும். முதலில் பாதியை ஊற்றி ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்துக்கொண்டே மீதியைச் சேருங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோய்வந்து, சூடானதும் நியூட்ரலில் மறுபடி அளவு பாருங்கள்.

கேபிளையும் அழுத்தத்தையும் இப்போதே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாளை ஒரு சந்தேகம் வந்தால் ஒப்பிட இந்த எண்கள் வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு இல்லாமல், அவசரப்படாமல் ஓட்டுங்கள். அதன் பிறகு பேனைக் கழற்றி ஃபில்டரை மாற்றி, இரண்டு பேண்டுகளையும் மறுபடி சரிபார்த்து, வெளியேறிய 4 லிட்டர் வாக்கில் புது ஆயிலை நிரப்புங்கள். பேனில் லேசான சாம்பல் பசை மட்டும் இருந்தால் லோடு ஏற்றலாம். கறுப்புத் துகள் தென்பட்டால் லோடு ஏற்றாமல் கேஜை மாட்டி, மேலே சொன்ன அழுத்தச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.